ஐந்தாவது ஏன்

எங்கள் வீட்டில் மே மாதம் என்றால் ஷட்டவுன். என் வீட்டுக்காரர் எழிலரசன் வேலை பார்க்கிற கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு வாரம் லைனை நிறுத்திவிட்டு மெஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். மெஷினுக்கு உடம்பு சரியாகிற வரைக்கும் மனுஷர்களுக்கு லீவு. மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகூட ஓ.டி. என்று ஓடிவிடுகிற ஆள், அந்த ஒரு வாரம்தான் வீட்டில் புருஷன் மாதிரி நடமாடுவார். அப்போது அவருடைய லைன் ஆட்கள் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வேன் எடுத்துக்கொண்டு எங்காவது போய்வருவது வழக்கம். போன வருஷம் ஏலகிரி. இந்த வருஷம் கடல் என்று பேச்சு வந்தது.

கடல் என்றதும் முதலில் குதித்தவள் நான்தான். யாருக்காகக் குதித்தேன் என்பது வேனில் வருகிற எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் இசைவாணி, ஏழாவது முடித்திருக்கிறாள். சின்னவள் கனிஷ்காவுக்கு ஒன்பது வயசு. கனிஷ்கா பேச மாட்டாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். மண்ணூரில் எங்கள் தெருக்காரர்கள் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் இங்கே எழுதி அவர்களுக்குப் பெருமை சேர்க்க எனக்கு இஷ்டமில்லை. அவளுக்கு உலகத்தில் பிடித்தது தண்ணீர் ஒன்றுதான். மோட்டார் போட்டால் டேங்க் வழிகிற இடத்தில் போய் நின்றுகொள்வாள். மழை பெய்து தெருவில் ஓடினால் அதிலேயே படுத்துக்கொள்வாள். தண்ணீரில் இருக்கிற நேரம் மட்டும் அவள் முகத்தில் இருக்கிற இறுக்கமெல்லாம் போய்விடும், சும்மா ஒரு குழந்தை முகமாகிவிடும். தெருத் தண்ணீருக்கே இப்படி என்றால் கடலைப் பார்த்தால் என்ன ஆவாள் என்று நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆனால் தண்ணீரைக் கண்டால் ஓடுவாள். ஆழம் தெரியாது, பயம் தெரியாது. ஒரு ஆள் பிடித்தால் பத்தாது, இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். நான் ஒருத்தியாகப் பஸ் ஏறிக் கோவளம் போய்வர முடியும் என்றால் எப்போதோ போயிருப்பேன். பஸ் ஏறினாலே என்ஜின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், அது தனிக் கதை. அதோடு வருஷத்துக்கு வருஷம் அவள் கை வலுத்துக்கொண்டே போகிறது. இப்போதே ரோட்டில் இழுத்தால் நானும் கூடவே போகிறேன். இந்த மே மாதத்தை விட்டால் அப்புறம் அவளைத் தண்ணீரில் பிடித்து நிறுத்த எங்கள் இரண்டு பேராலும் ஆகாது. அதனால்தான் நான் பங்குனியிலேயே கடல் தேட ஆரம்பித்தேன்.

சமையல் ஆனதும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மெரினா என்றால் அலை இழுத்துக்கொண்டு போய்விடும். மாமல்லபுரம் பக்கம்தான், ஆனால் அங்கேயும் அலை ஆளை உருட்டும். வேளாங்கண்ணியில் கூட்டம், கை நழுவினால் எங்கே போய்த் தேடுவது? பாண்டிச்சேரியில் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் லைன் ஆட்களுக்கு அந்த ஊர் பிடித்துப்போனதற்குக் கடல் காரணமில்லை என்பது வேறு விஷயம். 'குடும்பத்தோடு போக ஏற்ற பீச்' என்று பெயர் போட்டு எத்தனையோ வீடியோ இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, தொப்பி போட்ட இரண்டு பிள்ளைகள். சொன்ன இடத்தில் நின்று, சொன்ன நேரத்துக்குச் சிரிக்கிற பிள்ளைகள். அவர்கள் சொல்கிற குடும்பத்தில் ஓடுகிற பிள்ளையே கிடையாது போலிருக்கிறது.

அப்படித் தேடித் தேடித்தான் அரியமானைக் கண்டுபிடித்தேன். இராமநாதபுரத்தைத் தாண்டி இருக்கிறது. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஏரித் தண்ணீர் மாதிரி கிடக்கிறது. வீடியோவில் ஒருத்தர் பேசிக்கொண்டே உள்ளே நடக்கிறார், நடக்கிறார், தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டவே இல்லை. கரையெல்லாம் சவுக்கு மரம், நிழல். நான் கனிஷ்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து அதைக் காட்டினேன். பொதுவாக எதைக் காட்டினாலும் பார்க்க மாட்டாள். இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து போன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் அவளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அதே வீடியோதான், அதே பேச்சுதான். "கனி, கடலுக்குப் போலாமா? வேன்ல ஏறி, ஜன்னலாண்ட உக்காந்துக்கினு, கடலுக்குப் போலாமா?" பதில் எதுவும் வராது. நானும் எதிர்பார்க்கவில்லை.

சித்திரை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். எங்கே போவது என்று அன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும், வேன்காரருக்குச் சொல்ல வேண்டும். கனிஷ்கா உள் ரூமில் தூங்கிப்போயிருந்தாள். சுபாஷும் அவன் மனைவி அமலாவும் மகள் ஷாரோனோடு வந்திருந்தார்கள். சுபாஷ் என் வீட்டுக்காரருக்குக் கீழே வேலை செய்கிறவன், என்னை அண்ணி என்பான். இன்னொரு ஜோடி மணிகண்டபிரபுவும் வேல்விழியும். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், கல்யாணமாகி இருங்காட்டுக்கோட்டையில் வாடகைக்கு ரூம் எடுத்திருக்கிறார்கள்.

"இன்னா அண்ணி, பாண்டிய உட்டுட்டு ராமநாதபுரம்ன்றீங்களாம்?" என்று சுபாஷ் ஆரம்பித்தான். "கடலு எங்க போனாலும் கடலுதான?"

"உனக்குப் பாண்டில கடலு எந்தப் பக்கம் கீதுன்னாவது தெரியுமா சுபாஷ்?"

"கரெக்டா கேட்டீங்கக்கா," என்றாள் அமலா. "அங்க போனப்ப இவரு பாத்ததெல்லாம் பாட்டிலுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மணிகண்டபிரபு மட்டும் விடவில்லை. "மதினி, கடல்னா எங்க ஊருப் பக்கம் வந்து பாக்கணும். சாமியையும் கும்பிட்டுக்கிடலாம், அப்படியே மணப்பாட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்திரலாம்லா?"

"அவ்ளோ தூரம் ஆவாதுப்பா," என்றார் என் வீட்டுக்காரர். "அரியமானே தூரம்தான்."

ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். சொன்ன ஊருக்கெல்லாம் யாராவது ஒரு நொட்டை சொன்னார்கள். கடைசியில் சுபாஷ் எழுந்து நின்று கையைத் தட்டினான். "இது இப்டியே போனா ஷட்டவுன் முடிஞ்சி லைன் ஓட ஆரம்பிச்சிடும். அஞ்சு ஏன் போட்ருவோம்."

ஐந்து ஏன் என்பது அவர்கள் கம்பெனி வழக்கம். ஒரு பீஸ் பழுதாக வந்தால் சும்மா விடமாட்டார்கள். ஏன் பழுது என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் சொன்னால், அது ஏன் என்பார்கள். இப்படி ஐந்து தடவை கேட்டால் ஐந்தாவது பதிலில் அடிக் காரணம் மாட்டும் என்பது கணக்கு. அதை எடுத்துவிட்டால் பழுது தீர்ந்தது. என் வீட்டுக்காரர் இதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினவர். வீட்டில் பால் பொங்கி ஊற்றினால்கூட ஏன் ஏன் என்று கேட்டு என் உயிரை எடுப்பார். அதனால் எனக்கும் அந்த விளையாட்டு பழக்கம்தான், நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

சுபாஷ் விரலை நீட்டினான். "மொத ஏன். பக்கத்துல கீற பீச்சு ஏன் வேணாம்?"

"அலை ஜாஸ்தி," என்றாள் அமலா.

"ரெண்டாவது. அலை ஜாஸ்தின்னா இன்னா? நம்ம பாட்டுக்குக் கரையில நின்னுக்கினு காலு நனைக்கலாமே, ஏன் முடியாது?"

"கரையிலயே நிக்க வைக்க முடியாது," என்று நானே சொன்னேன். கனியை நினைத்துத்தான் சொன்னேன்.

"சரி, அலையே இல்லாத அரியமானுக்குப் போலாம். மூணாவது. அண்ணன் ஏன் அதுவும் தூரம்ன்றாரு?"

"பகலெல்லாம் வேன்ல போணும்," என்றார் அவர்.

"நாலாவது. வேன்ல போனா ஏன் ஆவாது? பாட்டு போட்டுக்கினு ஜாலியா போலாமே."

"ஏலகிரி போறப்ப பாத்தோமே, தலவலி..." என்று அமலா ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சுபாஷுக்கு நாக்கு வேகம், மூளை பின்னால்தான் வரும். "அஞ்சாவது. ஏலகிரி போறப்ப ஏன்..." என்று கேட்டுவிட்டு அவனும் நின்றான். நீட்டின விரல் அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து இசைவாணி மோர் தம்ளர்களோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"கனி கத்துனா, அதான்," என்றாள். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"சரி, காரணம் கெடச்சிடுச்சி," என்றார் என் வீட்டுக்காரர். "இப்ப அத எடுத்துட்டா..."

பாதியில் நிறுத்திவிட்டார். பழக்கதோஷம்தான், எனக்குத் தெரியும். கம்பெனியில் தினமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிப்போன வார்த்தை. ஆனால் பெற்ற பெண்ணைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது, அள்ளி வாயில் திரும்பப் போட்டுக்கொள்ள முடியாது.

அமலா என் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சுங்குவார்சத்திரத்துல ஒரு ஹோம் கீது. இந்த மாதிரி பசங்கள ரெண்டு மூணு நாளு நல்லா பாத்துக்கறாங்களாம். நீங்களும் ஒரு தபா நிம்மதியா வந்து..."

அமலா கெட்டவள் இல்லை. இந்த மண்ணூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கனிஷ்காவைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிற ஒரே பெண்பிள்ளை அவள்தான். அவள் வாயிலிருந்தே அது வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மூட்டையக் கட்டி ஷெட்டுல போட்டுட்டு வர்ற மாதிரி போட்டுட்டு வர சொல்றியா?" என்று கத்தினேன். "ஒண்ணும் வேணாம். நானும் என் பொண்ணும் வரல. நீங்கல்லாம் போய் நல்லா இருந்துட்டு வாங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அதுதான் நான் செய்த பைத்தியக்காரத்தனம். கோபத்தில் ஒருத்தி வரமாட்டேன் என்றால், அது இன்னா பேச்சு, கனி இல்லாம டூரா என்று யாராவது ஒருத்தர் சொல்வார்கள் என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைக்கிற ஊர் இது. ஒருத்தரும் பிடிக்கவில்லை. சுபாஷ் மோரை எடுத்துக் குடித்தான். வேல்விழி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எல்லாம் எவ்வளவு சுலபமாக நடந்தது தெரியுமா? பாண்டிச்சேரிக் கருங்கல் யாரையும் பயமுறுத்தவில்லை. மாமல்லபுரத்து அலை அடங்கிவிட்டது. திருச்செந்தூர்கூடத் தூரமாகப் படவில்லை. எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று ஆனதும், அமலாதான் சொன்னாள். "பசங்களுக்கு அரியமான்தான் சேஃப். சசிக்கா எவ்ளோ தேடிக் கண்டுபுடிச்சிருக்காங்க. அங்கியே போலாம்." எல்லோரும் சரி என்றார்கள். என் பெண்ணுக்காக நான் தேடிப் பிடித்த கடலை என் பெண்ணை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் புருஷனைப் பிடித்து உலுக்கினேன். "நீதான வரலன்னு சொன்ன சசி?" என்றார். "நான் போவலன்னு சொல்லிடவா? சொல்லு, சொல்லிட்றேன்." சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். பின்னால் இசைவாணி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் போறேம்மா," என்றாள். "எங்க போனாலும் அப்பா அவளயே புடிச்சிக்கினு நிக்கறாரு. ஒரே ஒரு தபா அப்பா என் கையப் புடிச்சிக்கினு தண்ணில நிக்கட்டும்."

அவளும் நான் பெற்றவள்தான். அவள் பிறந்ததிலிருந்து என்னிடம் அடம் பிடித்து எதையும் கேட்டதில்லை. கேட்க இடம் கொடுத்தால்தானே? அவரும் அவளும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வேல்விழியின் அக்காவும் அக்கா மகனும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள், எங்கள் இரண்டு சீட்டும் அவர்களுக்குப் போயிற்று.

புறப்படுகிற அன்றைக்கு விடிகிற நேரத்துக்கே வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. கனிஷ்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் போகட்டும் என்று எழுப்பவில்லை. நான் கட்டிவைத்த புளிசாதத்தை எடுத்துக் கொடுத்தேன். இசைவாணியின் துணிப்பையைக் கொடுத்தேன். ரோஷமுள்ள பொம்பளையாக இருந்தால் உள்ளேயே படுத்திருக்க வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் கேனை எடுக்க உள்ளே போனேன். பாயில் அவள் இல்லை. பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது.

டேங்குக்கு ஓடினேன், இல்லை. கிணற்றடிக்கு ஓடினேன், இல்லை. "கனி, கனி" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு வந்தால் வேனுக்குள்ளிருந்து ஷாரோன் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, கனி இங்க கீறா."

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டைச் சுற்றி வந்து எப்போது ஏறினாள், யார் கண்ணிலும் படாமல் எப்படி ஏறினாள், தெரியவில்லை. காலில் செருப்பு. அவளாகச் செருப்புப் போட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. வேன் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் காதைப் பொத்தவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலுக்குப் போகலாம், வேனில் ஏறிப் போகலாம் என்று தினமும் ஊட்டி ஊட்டிச் சொன்னவள் நான். போகவில்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குப் புரியாது என்று நினைத்துவிட்டேன்.

"ஏங்க, பாருங்க," என்று அவர் கையைப் பிடித்தேன். "வண்டி ஓடிக்கினு கீது, காதக்கூடப் பொத்தல. சத்தமே போடல பாருங்க. அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. நான் கீழ உக்காந்துக்கறேன், பையி மேல உக்காந்துக்கறேன். எனக்கு சீட்டே வேணாம்."

அவர் அவளையே பார்த்தார். அவர் கண் கலங்கியது, நான் பொய் சொல்லவில்லை. வேனுக்குள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசைவாணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்விழியின் அக்கா, தன் பிள்ளை உட்கார வேண்டிய சீட்டில் யார் என்பது போல அவனைத் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பத்து மணி நேரம் சசி," என்றார். "இப்ப சும்மாதான் கீறா. திண்டிவனம் தாண்டி ஆரம்பிச்சான்னா நடுரோட்ல இன்னா பண்ணுவ? அத்தினி பேரும் நம்ம மூஞ்சியப் பாப்பாங்க."

நான் சண்டை போட்டிருக்கலாம். வேன் முன்னால் படுத்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் ஏலகிரி ஞாபகம் வந்தது. எனக்கும் பயம் வந்தது. எல்லோரும் சேர்ந்து சொன்னதை நானும் நம்பிவிட்டேன்.

"நீயே எறக்கிடு," என்றார். "நான் கைய வச்சா கத்துவா."

ஏறினேன். அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் கனிஷ்கா ஜன்னலோடு ஒட்டி நகர்ந்துகொண்டாள். எனக்கு இடம் விட்டாள். நானும் வந்துவிட்டேன், இனி கிளம்பலாம் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. நான் உட்காரவில்லை. குனிந்து அவளைத் தூக்கினேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், சத்தம் போடவில்லை. படியில் இறங்கும்போதுகூடச் சத்தம் போடவில்லை. கால் மண்ணில் பட்டு, வேன் கதவை மணிகண்டபிரபு இழுத்து மூடினதும்தான் கத்தினாள். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துகொள்ளும்படி கத்தினாள்.

"பாத்தியா?" என்றார் என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக. அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இதுக்குத்தான் சொன்னேன்." அமலா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பாவம் என்கிற மாதிரி. மற்றவர்கள் முகத்தில் தப்பித்தோம் என்று இருந்தது. இசைவாணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேன் ஹைவே பக்கம் திரும்பியது. கனிஷ்கா என்னை இழுத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். என் தோளைக் கடித்தாள், நெஞ்சில் குத்தினாள். நான் ரோட்டு ஓரம் புழுதியில் உட்கார்ந்து அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேனில் ஏற்றினால் கத்துவாள் என்று இனி எல்லா வருஷமும் சொல்வார்கள். ஏற்றினதற்கு அவள் கத்தவில்லை, இறக்கினதற்குத்தான் கத்தினாள். அதைச் சொல்ல அவளுக்குப் பேச்சு இல்லை. பேச்சு இருக்கிற நான்தான் அவளை இறக்கினேன்.